முன்னிடைச்சொற்கள்: தமிழில் ஓர் உருபு, ஆங்கிலத்தில் பல சொற்கள்

‘இன்’, ‘ஒன்’, ‘அட்’, ‘டு’, ‘ஃபோர்’ போன்ற சிறு சொற்களை ஆங்கில இலக்கணத்தில் பிரிப்பொசிஷன் என்பர். பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று, அப்பெயருக்கும் வசனத்தின் ஏனைய பகுதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவதால் தமிழில் இவை முன்னிடைச்சொற்கள் எனப்படும். சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் இவை இடைவெளி நிரப்பும் பந்தியில் மட்டும் வருபவை அல்ல. படத்தைப் பார்த்து வசனம் எழுதும்போதும், அறிவித்தல், கடிதம், வரைபு விபரணம், கட்டுரை ஆகியவற்றை எழுதும்போதும் ஒவ்வொரு வரியிலும் இவை தேவைப்படும். ஆகவே இப்பகுதியில் உள்ள பலவீனம் ஒரு வினாவோடு நின்றுவிடாமல் வினாத்தாள் முழுவதிலும் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே போகும்.

மாணவர் பலர் முன்னிடைச்சொற்களின் நீண்ட பட்டியலை மனனம் செய்கின்றனர். அதனால் பெரிய பயன் கிடைப்பதில்லை. ‘அண்டர்’ என்றால் கீழே, ‘பிட்வீன்’ என்றால் இரண்டுக்கும் நடுவே என்பது தரம் ஆறிலேயே தெரிந்துவிடும். அவற்றில் யாரும் பிழை விடுவதில்லை. நாம் தமிழில் நினைத்து, தமிழ் வேற்றுமை உருபுக்குப் பதிலாக ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்து எழுதும்போதுதான் பிழை உண்டாகிறது. தமிழ் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டி வரும். ஆங்கிலச் சொல் பெயருக்கு முன்னே தனித்து வரும். இந்த வேறுபாடு எளிது. ஆனால் தமிழில் ஓர் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள் பங்கிட்டுச் செய்வதுதான் சிக்கல். சில இடங்களில் தமிழில் உருபு இருக்கும், ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இராது. எனவே, நீங்கள் தமிழ்ப் பாடத்தில் படித்த உருபுகளில் இருந்தே தொடங்குவோம். உதாரணங்கள் உச்சரிப்பில் தரப்பட்டுள்ளன. அவற்றை ஆங்கில எழுத்தில் உங்கள் கொப்பியில் எழுதிப் பார்த்தால் எழுத்துக்கூட்டலும் பயிற்சியாகும்.

‘இல்’ என்னும் உருபு

சுவரில் பல்லி இருக்கிறது. சுவரில் ஓட்டை இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘சுவரில்’ போதும். ஆங்கிலத்தில் பல்லி சுவரின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால் ‘ஒன் த வோல்’. ஓட்டை சுவருக்குள் அமைந்திருப்பதால் ‘இன் த வோல்’. இதே போல, மரத்தில் காய்த்திருக்கும் மாங்காய் ‘ஒன் த ட்ரீ’. அதே மரத்தின் கிளைகளுக்குள் வந்து உட்கார்ந்த காகம் ‘இன் த ட்ரீ’. படத்தைப் பார்த்து எழுதும் வினாவில் காகமும் மாங்காயும் அடிக்கடி வருவதால் இதை நினைவில் வைத்திருங்கள்.

ஆகவே ‘இல்’ வரும்போது ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: பொருள் உள்ளே இருக்கிறதா, மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா, அல்லது அந்த இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் கருதுகிறோமா? உள்ளே என்றால் ‘இன்’, மேற்பரப்பு என்றால் ‘ஒன்’, புள்ளி என்றால் ‘அட்’. பஸ் தரிப்பிடத்தில் சந்திப்போம் என்று சொல்லும்போது தரிப்பிடத்தின் உள்ளா வெளியா என்பது முக்கியமில்லை, சந்திக்கும் இடம்தான் முக்கியம். எனவே ‘அட் த பஸ் ஸ்டாண்ட்’. நகரங்களுக்கும் நாடுகளுக்கும் ‘இன்’ வரும்: ‘இன் கண்டி’, ‘இன் ஸ்ரீ லங்கா’. வீட்டு இலக்கத்தோடு முகவரி சொன்னால் ‘அட்’ வரும்.

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். பத்திரிகையில் வாசித்தேன் என்பது ‘இன் த நியூஸ்பேப்பர்’. ஆனால் அதே பத்திரிகையின் 12 ஆம் பக்கத்தில் என்பது ‘ஒன் பேஜ் 12’. தொலைக்காட்சியில், வானொலியில், தொலைபேசியில் என்ற மூன்றுக்கும் ‘ஒன்’. மழையில், வெயிலில், ஆங்கிலத்தில் என்ற மூன்றுக்கும் ‘இன்’. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல், முழுத் தொடராகவே பழகிக்கொள்வது நல்லது.

வாகனங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘பஸ்ஸில் போனேன்’ என்று போன விதத்தைச் சொன்னால் ‘பை பஸ்’. இங்கே ‘பஸ்’ என்பதற்கு முன் ‘எ’, ‘த’, ‘மை’ எதுவும் வரக்கூடாது. ‘ஐ கோ டு ஸ்கூல் பை மை பைசிக்கிள்’ என்பது கட்டுரைகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழைகளுள் ஒன்று. ‘பை பைசிக்கிள்’ என்று எழுதலாம், அல்லது ‘ஒன் மை பைசிக்கிள்’ என்று எழுதலாம். இரண்டையும் கலக்கக் கூடாது. பஸ்ஸுக்குள் இருக்கும்போது நடந்தது ஒன்றைச் சொன்னால் ‘ஒன் த பஸ்’. எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஒன்’. உட்கார்ந்தபடி மட்டுமே போகக்கூடிய கார், முச்சக்கர வண்டி ஆகியவற்றுக்கு ‘இன்’. இறங்கும்போதும் இவ்வேறுபாடு தொடரும்: பஸ்ஸிலிருந்து இறங்கினால் ‘கொட் ஒஃப் த பஸ்’, காரிலிருந்து இறங்கினால் ‘கொட் அவுட் ஒவ் த கார்’. நடந்து போனேன் என்பதற்கு ‘பை வோக்’ என்று ஆங்கிலத்தில் இல்லை. ‘ஒன் ஃபுட்’ என்றே எழுத வேண்டும்.

இங்கே வந்த ‘ஒஃப்’, ‘ஒவ்’ இரண்டும் வேறு சொற்கள். முதலாவதில் ‘எஃப்’ என்ற எழுத்து இரண்டு, இரண்டாவதில் ஒன்று. ஒரு ‘எஃப்’ உள்ள சொல்லை ‘ஒவ்’ என்றே உச்சரிக்க வேண்டும். உச்சரிப்பைத் திருத்திக்கொண்டால் எழுதும்போது வரும் குழப்பமும் தீரும்.

‘கு’ என்னும் உருபு

நான்காம் வேற்றுமை உருபைக் கண்டவுடன் ‘டு’ எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அதிக பிழைகள் இங்கேதான் வருகின்றன.

அம்மாவுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்: ‘ஐ கேவ் த புக் டு மை மதர்’. அம்மாவுக்குப் புத்தகம் வாங்கினேன்: ‘ஐ போட் எ புக் ஃபோர் மை மதர்’. முதலாவதில் பொருள் ஒருவரைப் போய்ச் சேருகிறது. இரண்டாவதில் ஒருவரின் நன்மைக்காக ஒரு செயல் நடக்கிறது. தமிழில் ‘அம்மாவுக்காக’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ‘ஃபோர்’ எழுதலாம். பரீட்சைக்குப் படிக்கிறேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் ஆகியவற்றுக்கும் இச்சோதனை பொருந்தும். இரண்டுக்கும் ‘ஃபோர்’தான்.

எட்டு மணிக்கு என்பதில் ‘அட்’ வரும். நாய்க்குப் பயம் என்பதில் ‘ஒவ்’ வரும்: ‘ஐ ஆம் அஃப்ரேட் ஒவ் டோக்ஸ்’. இதை ‘அஃப்ரேட் டு டோக்’ என எழுதுபவர்கள் தமிழ் உருபைத்தான் மொழிபெயர்க்கின்றனர். வீட்டுக்குப் போனேன் என்பதில் ஒன்றுமே வராது: ‘ஐ வென்ட் ஹோம்’. பாடசாலைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு எல்லாவற்றுக்கும் ‘டு’ வேண்டும். ‘ஹோம்’ என்பதற்கு மட்டும் வேண்டாம். ‘ஹியர்’, ‘தெயார்’ என்ற இரு சொற்களுக்கும் அப்படியே.

முன்னிடைச்சொல் ஏற்காத வினைகள்

சில ஆங்கில வினைச்சொற்கள் நேரடியாகவே பெயரைத் தாங்கும். தமிழில் இவற்றோடு உருபோ வேறு சொல்லோ வருவதால் நாம் தேவையற்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறோம்.

இதற்கு நல்ல உதாரணம் உங்கள் வினாத்தாளின் முதற் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக என்னும் அறிவுறுத்தல் ஆங்கிலத்தில் ‘ஆன்சர் ஓல் குவெஸ்ச்சன்ஸ்’ என்றே இருக்கும். வினாக்‘களுக்கு’ என்று தமிழில் இருந்தும் ஆங்கிலத்தில் ‘டு’ இல்லை. ஆனால் ‘ஆன்சர்’ பெயர்ச்சொல்லாக வந்தால் ‘டு’ வேண்டும்: ‘த ஆன்சர் டு த குவெஸ்ச்சன்’. ‘டிஸ்கஸ்’ என்பதிலும் இதே நிலைமை. பிரச்சினையைப் பற்றிக் கலந்துரையாடினோம் என்பது ‘வீ டிஸ்கஸ்ட் த ப்ரொப்ளம்’. ‘டிஸ்கஸ்ட் எபவுட்’ என்று எழுதுவது பிழை. ஆனால் ‘டிஸ்கஷன் எபவுட்’ என்று பெயர்ச்சொல்லோடு எழுதினால் சரி. ‘ரிக்குவெஸ்ட்’ என்ற சொல்லும் இவ்வகையே: வினையாக வந்தால் ஒன்றும் வேண்டாம், பெயராக வந்தால் ‘ஃபோர்’ வேண்டும்.

வகுப்பறைக்குள் நுழைந்தோம் என்பதற்கு ‘என்டர்ட் த கிளாஸ்றூம்’ போதும். ‘இன்டு’ வேண்டாம். கூட்டத்துக்குச் சமூகமளித்தார் என்பது ‘அட்டென்டட் த மீற்றிங்’. மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன் என்பது ‘ஐ ஃபோன்ட் மை அங்கிள்’. ஆசிரியரிடம் கேட்டேன் என்பது ‘ஐ ஆஸ்க்ட் த டீச்சர்’. இந்தக் கடைசி வசனத்தில் ‘ஆஸ்க்ட் ஃப்ரொம் த டீச்சர்’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. பேச்சில் பொருள் விளங்கும். பரீட்சையில் ‘ஃப்ரொம்’ சேர்க்காதீர்கள்.

சொன்னேன் என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. ‘டோல்ட்’ நேரடியாக ஆளைத் தாங்கும்: ‘ஐ டோல்ட் ஹிம்’. ‘செட்’ என்பதற்கு ‘டு’ வேண்டும்: ‘ஐ செட் டு ஹிம்’. பிறர் கூற்று வினாவில் நேர்க்கூற்றிலுள்ள ‘செட் டு’ என்பதை ‘டோல்ட்’ என மாற்றும்போது ‘டு’வை எடுத்துவிடுகிறோம் அல்லவா? காரணம் இதுவே. ‘எக்ஸ்ப்ளெயின்’ இதற்கு மாறானது. அதற்கு ‘டு’ கட்டாயம்: ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’.

போய்ச் சேருதல் பற்றிய இரு வினைகளையும் கவனிக்க. ‘ரீச்’ ஒன்றையும் ஏற்காது: ‘த பஸ் ரீச்ட் ஜஃப்னா’. ‘அரைவ்’ என்பதற்கு நகரமானால் ‘இன்’, நிலையம் போன்ற ஓர் இடமானால் ‘அட்’: ‘அரைவ்ட் இன் ஜஃப்னா’, ‘அரைவ்ட் அட் த ஸ்டேஷன்’. ‘அரைவ்ட் டு’ என்பது எப்போதும் பிழை.

‘ஆல்’, ‘ஓடு’

இரவி கல்லால் யன்னலை உடைத்தான் என்பதில் கல் கருவி. எனவே ‘வித் எ ஸ்டோன்’. யன்னல் இரவியால் உடைக்கப்பட்டது என்பதில் இரவி செய்தவன். எனவே ‘பை ரவி’. செயப்பாட்டு வினைப் பயிற்சிகளில் எப்போதும் ‘பை’ எழுதிப் பழகியவர்கள் கருவிக்கும் அதையே எழுதிவிடுகின்றனர். காய்ச்சலால் பாடசாலைக்கு வரவில்லை என்ற வசனத்தில் காய்ச்சல் காரணம். அங்கே ‘பிகோஸ் ஒவ் ஃபீவர்’ வரும். விடுமுறைக் கடிதத்துக்கு இது அவசியம். ‘பிகோஸ்’ என்பதற்குப் பின் முழு வசனம் வந்தால் ‘ஒவ்’ வேண்டாம், பெயர் மட்டும் வந்தால் வேண்டும்.

‘ஓடு’ பெரும்பாலும் ‘வித்’ ஆகும். விதிவிலக்காக, திருமணத்தில் ‘வித்’ வராது. ‘மேரிட் ஹிம்’ அல்லது ‘இஸ் மேரிட் டு ஹிம்’ என்றே எழுத வேண்டும். ஆளோடு கோபம் என்பதற்கு ‘அங்ரி வித்’ சரியானது.

காலம்

நேரத்துக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஒன்’, மாதத்துக்கும் வருடத்துக்கும் ‘இன்’ என்பது எல்லோரும் அறிந்த விதி. ஆனால் வருடத்தோடு திகதியும் சேர்ந்து வந்தால் பலர் தடுமாறுகின்றனர். இலங்கை சுதந்திரம் பெற்றது ‘இன் 1948’. திகதியைச் சேர்த்தால் ‘ஒன் 4 பெப்ரவரி 1948’. நாள் ஒன்று இருந்தால் அதுவே முன்னிடைச்சொல்லைத் தீர்மானிக்கும். காலையில் என்பது ‘இன் த மோர்னிங்’, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்பது ‘ஒன் சண்டே மோர்னிங்’. இரவில் என்பது ‘அட் நைட்’. ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ முன்னே வந்தால் எதுவும் வேண்டாம். ‘ஒன் நெக்ஸ்ட் மண்டே’ என்று எழுதக்கூடாது.

‘சின்ஸ்’, ‘ஃபோர்’ இரண்டையும் குழப்பத் தேவையே இல்லை. இங்கு தமிழ் நமக்கு உதவி செய்கிறது. ‘மூன்று வருடங்களாக’ என்று ‘ஆக’ வந்தால் ‘ஃபோர் த்ரீ யேர்ஸ்’. ‘2015 தொடக்கம்’ என்று வந்து, செயல் இன்றும் தொடர்ந்தால் ‘சின்ஸ் 2015’. ‘சின்ஸ் த்ரீ யேர்ஸ்’ என்று ஒருபோதும் இல்லை. ஆனால் தமிழில் ‘9 மணி தொடக்கம் 12 மணி வரை’ என்று முடிவும் கூறப்பட்டால் ‘ஃப்ரொம் 9 டு 12’ என்றாகும்.

அறிவித்தலில் ஒரு சொல்லின் விலை

முன்னிடைச்சொல் பிழைகளுட் பல பொருளைக் கெடுப்பதில்லை. ‘டிஸ்கஸ் எபவுட்’ என்று எழுதினாலும் வாசிப்பவருக்கு விளங்கும். ஆனால் ‘பை’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’ ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை அல்ல. அறிவித்தலில் இவை மாறினால் வாசிப்பவர் பிழையான நாளில் வருவார்.

விண்ணப்பம் ஒன்று ‘பை 30 ஜூன்’ கிடைக்கவேண்டும் என்றால், ஜூன் 30 அன்று கொடுத்தாலும் ஏற்கப்படும். ‘பிஃபோர் 30 ஜூன்’ என்றால் 29 ஆம் திகதியே கடைசி நாள். இந்தச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகவே அரச விளம்பரங்களில் ‘ஒன் ஓர் பிஃபோர்’ என்று எழுதுகின்றனர். தமிழில் ‘அன்று அல்லது அதற்கு முன்னர்’ என வருவது இதுவே. வேலைக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கும்போது நீங்கள் வாசிக்கப்போகும் சொல்லும் இதுதான். ஆகவே எழுதுவதற்கு மட்டுமன்றி வாசிப்பதற்கும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

‘அன்டில்’ வேறு வகை. ஒரு நிலை அல்லது செயல் அந்த நேரம் மட்டும் தொடர்ந்து நடப்பதை அது காட்டும். நூலகம் ஐந்து மணி வரை திறந்திருக்கும்: ‘த லைப்ரரி வில் பி ஓப்பன் அன்டில் 5 பி.எம்.’. புத்தகங்களை ஐந்து மணிக்கிடையில் திருப்பித் தருக: ‘ரிட்டர்ன் த புக்ஸ் பை 5 பி.எம்.’. திறந்திருத்தல் நீடிக்கும் நிலை. திருப்பித் தருதல் ஒருமுறை நடந்து முடியும் செயல். ஐயம் வந்தால் தமிழ் வசனத்தில் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘அன்டில்’, பொருந்தாவிட்டால் ‘பை’.

வரைபு விபரணத்திலும் இப்படி ஒரு பொறி உண்டு. மாணவர் தொகை 40 இலிருந்து 60 ஆக உயர்ந்தது என்றால் ‘இன்க்ரீஸ்ட் ஃப்ரொம் 40 டு 60’. 20 ஆல் உயர்ந்தது என்றால் ‘இன்க்ரீஸ்ட் பை 20’. இதை ‘இன்க்ரீஸ்ட் டு 20’ என்று எழுதினால் மொத்தத் தொகையே 20 என்று பொருளாகிவிடும். இலக்கணம் பார்வைக்குச் சரியாக இருக்கும், தகவல் பிழைத்துவிடும்.

‘டு’வுக்குப் பின் ‘இங்’

கடிதத்தின் முடிவில் ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரொம் யூ’ என்று எழுதுகிறோம். இங்கே ‘ஹியர்’ என்று எழுதினால் பிழை. ‘டு’ என்றதும் வினையடி வரும் என்று படித்திருப்பீர்கள். அது வேறு ‘டு’. இது முன்னிடைச்சொல். முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது ‘இங்’ பெற்றே வரும். ‘குட் அட் ட்ரோயிங்’, ‘இன்ட்ரெஸ்டட் இன் ரீடிங்’, ‘தாங்க் யூ ஃபோர் ஹெல்ப்பிங்’ ஆகியவை எல்லாம் இவ்விதிப்படி அமைந்தவையே.

பயிற்சி

பின்வரும் பந்தியிலுள்ள இடைவெளிகளைப் பொருத்தமான முன்னிடைச்சொல்லால் நிரப்புக. எதுவும் தேவையில்லாத இடத்தில் சிறு கோடு இடுக.

யாழ் தேவி மேட் இட்ஸ் ஃபர்ஸ்ட் ஜேர்னி (1) ...... 1956. தெயார் வேர் நோ ட்ரெயின்ஸ் டு ஜஃப்னா (2) ...... 24 யேர்ஸ் ஆஃப்டர் 1990. பீப்பிள் வெயிட்டட் (3) ...... த ட்ரெயின். (4) ...... 13 ஒக்டோபர் 2014 இட் அரைவ்ட் (5) ...... ஜஃப்னா ஸ்டேஷன் அகெய்ன். மை அங்கிள் கேம் (6) ...... ஹோம் (7) ...... ட்ரெயின் தட் இயர். ஹி கொட் (8) ...... த ட்ரெயின், சட் (9) ...... எ பெஞ்ச் அண்ட் ஃபோன்ட் (10) ...... மை மதர்.

விடைகள்

(1) இன். வருடம் மட்டும் வந்துள்ளது. (2) ஃபோர். ‘24 வருடங்களாக’ என்ற கால அளவு. 1990 இலிருந்து என்று நினைத்து ‘சின்ஸ்’ எழுதியவர்கள் இடைவெளிக்கு அடுத்த சொல்லைப் பார்க்கவில்லை. (3) ஃபோர். (4) ஒன். திகதி உள்ளது. (5) அட். நகரம் அன்று, நிலையம். (6) சிறு கோடு. (7) பை. ‘ட்ரெயின்’ என்பதற்கு முன் ‘த’ இல்லாததைக் கவனிக்க. (8) ஒஃப், ‘எஃப்’ இரண்டு. (9) ஒன். (10) சிறு கோடு. அம்மா‘வுக்கு’ என்று தமிழில் நினைத்து ‘டு’ எழுதியிருந்தால் ‘முன்னிடைச்சொல் ஏற்காத வினைகள்’ என்ற பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்க.